தட்டு கூடை சேராமை: ஒரு விசாரணை

டிஸ்க் கோல்ஃபில் எறிந்த தட்டு கூடையில் விழாவிட்டால் குற்றம் யாருடையது? அறிஞர்கள் இதை இத்தனை காலம் கண்டுகொள்ளாமல் விட்டது வருந்தத்தக்கது. ஆய்வுக்களமாக ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக் நகரிலுள்ள கிளம்ப்ராதூன் பூங்காவைக் கொள்கிறோம். ஓவியர் கியார்வாலின் பெயர் தாங்கிய கலைக்கூடம் இருக்கும் பொதுப் பூங்கா அது. ஒன்பதே கூடைகள்.

முதலில் வரலாறு. 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தவர் எட் ஹெட்ரிக். தொடக்கத்தில் இலக்கு வெறும் கம்பம்தான். தட்டு பட்டது, படவில்லை என்று ஓயாத வாக்குவாதம். ஆகவே கம்பத்தில் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே கூடை மாட்டி, 1977இல் காப்புரிமையும் பெற்றார். சாட்சி சொல்ல இரும்பையே நிறுத்திவிட்டார். பட்டதா என்ற சண்டை தீர்ந்தது. ஏன் படவில்லை என்ற சண்டை இன்றும் நடக்கிறது. இதில் மூன்று கட்சிகள்.

மரமே காரணம் என்பார் ஒரு சாரார். ஓக் மரங்களுக்கிடையே இக்கட்சிக்குச் செல்வாக்கு அதிகம். இரண்டு மீட்டருக்கு மேல் கிளையில் தங்கும் தட்டுக்கு ஓர் எறிதல் அபராதம் என்று போட்டி நடத்துபவர் அறிவிக்கலாம். அபராதம் ஆட்டக்காரருக்கே, மரத்துக்கு இல்லை என்பது இவர்களின் தீராத மனக்குறை.

காற்று என்பார் இன்னொரு சாரார். மரம் அரிதான ஐஸ்லாந்தில் இவர்களே பெரும்பான்மை. எதிர்க்காற்றில் தட்டு எழும்பும், பின்காற்றில் தணியும், மறுப்பதற்கில்லை. ஆனால் கூடையில் விழுந்த எறிதலுக்காகக் காற்றைப் பாராட்டிய ஒருவரையும் யாம் கண்டிலோம்.

மூன்றாமவர் தட்டையே பழிப்பவர். பல தட்டுகளின் மேல் வேகம், மிதப்பு, திரும்பல், இறுதிச் சாய்வு என நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். ஜாதகம்போல் அவற்றைப் பார்த்துப் பார்த்து வாங்குவார்கள். வலக்கைக்காரர் புறங்கையால் வீசும் தட்டு, வேகம் குறைந்ததும் இடப்புறம் சாயும். இது பௌதிகம். ஆயினும் ஒவ்வொரு முறையும் வியப்பார்கள், பிறகு வேறு தட்டு வாங்குவார்கள். கூடையருகே எறியும் 'பட்டர்' வகைத் தட்டு ஒன்றே போதுமான ஒன்பது கூடைக்குப் பை நிறையத் தட்டு சுமப்பவர் இவர்களே. ஹெட்ரிக் 2002இல் மறைந்தபின், அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். அத்தகைய தட்டு குறி தவறினால் பழி யாருக்கு? உரையாசிரியர்கள் மௌனம் சாதிக்கிறார்கள்.

எம் முடிபு வருமாறு. கூடைக்குப் பத்து மீட்டருக்குள் எறிபவர், எறிந்தபின் நிலை குலையாமல் நின்று காட்ட வேண்டும். அதற்கு முன், எறியும் இடத்தைக் காட்டும் அடையாளத்தைத் தாண்டி அடி வைக்கக் கூடாது. அந்த நிற்றலில் முகம் தெளிவாகத் தெரியும். மரமில்லை, காற்றுமில்லை, சங்கிலி கலகலத்தும் தட்டு வெளியே துள்ளுகிறது. உள்ளே தங்கினால்தான் கணக்கு. கையே குற்றவாளி, மேல்முறையீடு இல்லை.

ஆட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இது பொதுப் பூங்கா. நாயோடு நடப்பவர்கள் கடந்து போகும்வரை பொறுத்து எறியுங்கள். அவர்கள் எந்தக் கட்சியிலும் இல்லை.