வாபஸ் வாங்காத ஒரே வேட்பாளர்

மாண்புமிகு இந்தியத் தேர்தல் ஆணையத்துக்கு,

கட்சிகளின் யோக்கியதை பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறியக் கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் படாதபாடு படுகின்றன. உங்களுக்கு அந்தச் சிரமமில்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், வாக்கு இயந்திரத்தின் கடைசிப் பொத்தானை 'மேற்கண்ட எவருமில்லை' என்னும் நோட்டாவுக்கு ஒதுக்கினீர்கள். பிறகு கறுப்புப் பெருக்கல் குறி போட்ட சின்னமும் கொடுத்தீர்கள். சின்னம் உண்டு, பொத்தான் உண்டு, எண்ணிக்கையும் உண்டு, பலன்தான் இல்லை. 2024-ல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு பா.ஜ.க.வில் சேர்ந்தார். அங்கே 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தினார்கள். வென்றவருக்கு அடுத்தபடி அதிக வாக்கு அதற்குத்தான். ஆனால் டெபாசிட் கணக்குக்குக்கூட அவை செல்லுபடியான வாக்குகள் அல்ல. நோட்டா முதலிடமே பிடித்தாலும், இரண்டாவதாக வந்தவர் மாலையோடு டெல்லிக்குப் போவார் என்பதுதானே உங்கள் விதி?

நாடு முழுக்கச் சேர்த்தால் நோட்டா ஒரு சதவீதம்தானே என்பீர்கள். அழுத்தினால் ஒன்றும் நடக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிட்ட பொத்தானை அத்தனை பேர் வெயிலில் வரிசையில் நின்று அழுத்தியதுதான் ஆச்சரியம். சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்பதும் நியாயம்தான்; நிராகரிக்கப்பட வேண்டியவர்களிடமே நிராகரிப்புச் சட்டம் கேட்பது நம் மரபு. ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முந்தினால் மறுதேர்தல் என்று மகாராஷ்டிர, ஹரியானா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் 2018-லேயே தாங்களாக ஆணையிட்டன. மாநில ஆணையத்துக்கு உள்ள துணிச்சல் மத்திய ஆணையத்துக்கு இருக்கக் கூடாதா?

மறுதேர்தல் செலவு என்ற கவலையும் எழும். பாராட்டத்தக்க சிக்கனம். 2014-ல் நரேந்திர மோடி வதோதராவையும், 2024-ல் ராகுல் காந்தி வயநாட்டையும், இரண்டு தொகுதியில் வென்றதால் விட்டுக்கொடுத்தபோது இடைத்தேர்தல் செலவை யார் கணக்குப் பார்த்தார்கள்? தலைவர் மனம் மாறினால் ஜனநாயகம், வாக்காளர் மனம் வெறுத்தால் மட்டும் வீண்செலவா? சிக்கனத்தின் உச்சம் 2024 சூரத். காங்கிரஸ் மனு நிராகரிக்கப்பட்டது, மற்றவர்கள் ஒதுங்கினார்கள், மிஞ்சிய பா.ஜ.க. வேட்பாளர் ஓட்டே விழாமல் எம்.பி. ஆனார். அந்தத் தொகுதியில் மனு தள்ளுபடியாகாத, வாபஸ் வாங்காத, கட்சி தாவாத ஒருவர் இன்னும் களத்தில் இருந்தார். அவரை ஏன் போட்டியிடவிடவில்லை என்று மட்டும் ஒரு வரி பதில் எழுதினால் போதும்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்கும் ஒரு வாக்காளர்