பொறு மாப்பிள்ளை, பொறு

ஹைப்ரிட் எஸ்யூவியை இப்போதே வாங்குவதா, பொறுப்பதா? பொறுக்கச் சொல்ல நம்மூரில் காரணத்துக்கா பஞ்சம்? ஆடியில் வாங்கக்கூடாது. மார்கழி ஆகாது. டிசம்பரில் வாங்கினால் ஜனவரியிலேயே வண்டிக்கு ஒரு வயது கூடிவிடும். இதையெல்லாம் தாண்டினால் வரி நிற்கிறது.

நான்கு மீட்டருக்கு மேல் நீளமான ஹைப்ரிடுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸுமாக 43 சதவீதம் இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 40. முழு மின்சார வண்டிக்கோ வெறும் 5. பாதி மின்சாரம் என்றால் வரியும் பாதிதானே என்று நினைப்பவர்கள் பள்ளிக்கூடக் கணக்கோடு நின்றுவிட்டவர்கள். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசம் ஹைப்ரிடுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தபோது, லக்னோவில் நமக்குச் சொந்தக்காரர் யாராவது இருக்கிறார்களா என்று யோசிக்காத தமிழன் உண்டா?

பொறுக்க மாட்டேன் என்பவரையும் கம்பெனி பொறுக்க வைத்துவிடும். 2023-இல் இன்னோவா ஹைகிராஸ் ஹைப்ரிடின் உயர் ரகங்களுக்கு முன்பதிவையே சில காலம் நிறுத்திவைத்தார்கள். கையில் பணத்தோடு போனவர்களைத் திருப்பி அனுப்பும் வியாபாரம் நாட்டில் வேறு எது?

மாமாவின் கவலை பேட்டரி. எட்டு வருட வாரண்டி என்றேன்.

"ஒன்பதாவது வருஷம்?"

பதில் இல்லை.

"திடநிலை பேட்டரின்னு ஒண்ணு வரப்போகுதாம் மாப்பிள்ளை. பொறுங்க."

உள்ளேயிருந்து மனைவியின் குரல்: "பொறுக்கலாம்ப்பா. பேரன் சம்பாதிச்சு வாங்கட்டும், நாம பின்சீட்ல உக்காந்துக்கலாம்."