கழற்றிய கதவு எங்கே போகிறது?

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மச்சினன் வந்தான். கையில் பால்கோவா, வாயில் யோசனை. இரண்டையுமே நான் கேட்கவில்லை. பால்கோவாவை மட்டும் மன்னித்துவிட்டேன். பையனுடைய கம்ப்யூட்டர் கேம் பாரம் தாங்காமல் அலறிக்கொண்டிருந்தது. "என்ன அத்தான், உள்ளே வேகுது" என்றபடியே பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். டேபிள் ஃபேனை இழுத்து எதிரே வைத்து மூன்றாம் நம்பரை அமுக்கினான். திரையில் 93 டிகிரி காட்டிய பிராசசர் 82-க்கு இறங்கியது.

இறங்கியதுதான் எனக்கு ஆத்திரம்.

அந்தப் பெட்டியைத் திருகு திருகாகக் கோத்தவன் நான். முன்னால் இரண்டு 120 மில்லிமீட்டர் ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும். பின்னால் ஒன்று வெளியே தள்ளும். வருவது போவதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அப்போதுதான் இண்டு இடுக்கில் தூசி நுழையாமல், ஃபில்டர் இருக்கிற வழியாகவே காற்று வரும். ஃபேன் சட்டத்தில் குறுக்குக் கம்பிகள் இருக்கிற பக்கம்தான் காற்று வெளியேறும். அதையும் டார்ச் அடித்துப் பார்த்தே மாட்டினேன். பிராசசர் தலையில் பேஸ்ட், பட்டாணி அளவு, ஒரு சொட்டு அதிகமில்லை. இத்தனை சாஸ்திரத்தையும் வத்தல் காயவைக்கிற ஃபேன் ஒன்று ஒரு நிமிஷத்தில் அவமானப்படுத்திவிட்டுப் போகிறது. ஆனாலும் பைசா செலவில்லாமல், கதவைக் கழற்றாமல் சூட்டைக் குறைக்க ஒரு வழி உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் அந்தக் கதவு.

கழற்றிய கதவைத் திரும்ப மாட்டிய ஒரு மனிதரையாவது பார்த்திருக்கிறீர்களா? "சூடு தணியட்டும், சாயங்காலம் மாட்டிக்கலாம்" என்று சுவரில் சாய்ப்போம். சாயங்காலம் அது பீரோவுக்குப் பின்னால் போயிருக்கும். திருகு இரண்டும் பேனா டப்பாவுக்கு. அங்கிருந்து ஒன்று மிக்ஸி மூடிக்குப் போய்விடும், சரியாகவும் பொருந்தும். ஆயுதபூஜை அன்று கதவு வெளியே வரும். பெட்டிக்கு ஒரு பொட்டு, கதவுக்குத் தனியாக ஒரு பொட்டு. சூடம் காட்டி முடித்ததும் மறுபடி பீரோவுக்குப் பின்னால். அடுத்து வெள்ளையடிக்கும்போது அகப்படும். "இது எதோடதுங்க?" என்று பெயின்டர் கேட்பார். யாருக்கும் சட்டென்று சொல்ல வராது. கண்ணாடிக் கதவு வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். டெம்பர்ட் கிளாஸ் ஓரம் டைல்ஸ் தரையில் லேசாகத் தட்டினாலும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும் என்பதால் அதைக் கட்டில் மெத்தையில் படுக்கவைப்பார்கள், வீட்டுக்காரர் பாயில். எங்களுடையது தகரம். அதனால் அதற்குப் பதவி உயர்வு. இரண்டு நாளாக மொட்டைமாடியில் அதன்மேல் மோர்மிளகாய் காய்கிறது. "தகரம் நல்லா சூடேறுது, சீக்கிரம் காயுது" என்கிறாள் வீட்டுக்காரி. மொத்த கம்ப்யூட்டரிலும் சூட்டை ஒழுங்காகக் கையாள்கிற பாகம் அது ஒன்றுதான்.

பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் காற்றைப் பற்றிக் கருத்து இல்லாதவர் கிடையாது. இவருக்குக் கூடுதலாகவே உண்டு. மில்லில் காற்றைத் தண்ணீரில் கழுவி, மேலே டக்ட் வழியாக இறக்கி, தரைக்கு அடியிலுள்ள கால்வாய் வழியாக இழுத்துக்கொள்வார்கள். "நீங்க கீழேருந்து மேலே விடுறீங்களே தம்பி, பஞ்சு எப்படிப் படியும்?" என்றார். படியக் கூடாது என்பதுதான் அண்ணாச்சி நோக்கம் என்றேன். "ஈரப்பதம் எவ்வளவு வச்சிருக்கீங்க? 55-க்குக் கீழே போனா நூல் அறுந்திரும்." நூல் இல்லை அண்ணாச்சி. அவர் விடவில்லை. ரிங் ஃபிரேம்களின் தலைக்கு மேலே தண்டவாளத்தில் போயும் வந்தும், தொங்குகிற குழாய்களால் ஊதியும் உறிஞ்சியும் பஞ்சு வாருமே ஓவர்ஹெட் கிளீனர், அதில் ஒரு சின்னதை மேஜைக்கு மேல் ஓடவிடச் சொன்னார். சிரிக்காமல்தான் சொன்னார். திறந்து கிடக்கிற மதர்போர்டில் வெள்ளைவெளேரென்று படிந்திருந்த பஞ்சைப் பார்த்தபோது எனக்கும் சிரிப்பு வரவில்லை.

விளையாட்டு போகட்டும், கம்பெனிக்காரர்களைச் சொல்ல வேண்டும். பெட்டியின் முகப்பை முழுக்கக் கண்ணாடியால் அடைத்துவிட்டு, உள்ளே வானவில் விளக்குப் போட்ட ஃபேன்களை வைத்து விற்கிறார்கள். காற்று எந்த வழியாக நுழையும் என்று கடையில் கேட்டேன். "ரிமோட்ல கலர் மாத்திக்கலாம் சார்" என்றார்கள். படம் பிடிக்கச் செய்த பெட்டி அது. ஏசி ரூமில் அழகாக இருக்கும். எந்த ஃபேனும் அறையில் இருக்கிற காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்கிவிடாது. விருதுநகர் மாவட்டத்தில் சித்திரை மத்தியானம் அறையே 38-இல் கொதிக்கும்போது அதன் மேல்தான் எல்லாக் கணக்கும் ஆரம்பம். முகப்பில் கம்பிவலை போட்ட பெட்டியை வாங்குங்கள், விளக்கு இல்லாவிட்டால் பையன் முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

அந்தச் செலவில்லாத வழிக்கு வருகிறேன். முதலில் பக்கக் கதவு மாட்டியிருக்க வேண்டும். மிளகாய் இன்னும் காயவில்லையாம், மாடிப் பக்கமே போகக் கூடாதென்று உத்தரவு. ஆகவே அது இன்னொரு நாளைக்கு. உங்கள் வீட்டுக் கதவு பீரோவுக்குப் பின்னால்தான் இருக்கும். தயவுசெய்து எடுத்து மாட்டுங்கள். திருகு மிக்ஸியில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.