தெர்மாகோல் பசுமை

புனே பள்ளிக்கூடங்களில் மறுபடியும் பசுமைக் காய்ச்சல் ஆரம்பித்துவிட்டது. 'நம் பள்ளித் தோட்டத்துக்குச் சூழலைக் கெடுக்காத ஒரு கட்டடம்' என்று அப்பாக்களுக்கு வீட்டுப்பாடம் வந்திருக்கிறது. பிள்ளைகளுக்கு என்று நான் ஏன் எழுதவில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஏழாம் வகுப்புப் பையனின் மாதிரியில் ஜன்னல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தால், தகப்பனார் ஹிஞ்சவாடியில் இன்ஜினீயர். கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அதை எதில் செய்கிறார்கள் என்று பார்க்கலாம். தெர்மாகோல் சுவர், தெர்மாகோல் கூரை, மொட்டைமாடியில் தெர்மாகோல் காற்றாலை. சாயம் தோய்த்த மரத்தூள்தான் புல்வெளி. 'பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்' என்ற வாசகமும் தெர்மாகோலிலேயே வெட்டி ஒட்டப்பட்டிருக்கும். தெர்மாகோல் தட்டுகளையும் அலங்காரங்களையும் 2018 மார்ச்சில் மகாராஷ்டிர அரசு தடை செய்தது. கணபதி அலங்காரத்துக்காவது விலக்குக் கொடுங்கள் என்று உற்பத்தியாளர்கள் கேட்டுப் பார்த்தார்கள். பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. புனேயில் கணபதிக்கே கிடைக்காத சலுகை ஏழாம் வகுப்புக் காற்றாலைக்குக் கிடைத்திருக்கிறது! அந்தப் பொருளில் 98 சதவீதம் காற்று, மிச்சம் மட்காத பாலிஸ்டைரீன். ஃபெவிக்விக் பட்டால் குழி விழும். வெட்டினால் வெள்ளை மணிகள் சோபாவுக்கு அடியில் போய் அடுத்த கல்வியாண்டு வரை குடியிருக்கும். இதன் குணத்தைத் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் இதை மிதக்கவிட்டோம். காற்று அதைக் கரையில் ஒதுக்கிவிட்டுப் போனது.

'வெறும் மாதிரிதானே, இதற்கு ஏன் இத்தனை கோபம்?' என்பார்கள். மாதிரி என்பதால்தான் கோபம். தெர்மாகோலில் எந்தச் சுவரும் நிற்கும், எந்தக் கூரையும் தாங்கும். குழந்தைக்குக் கனமும் தெரியாது, ஈரமும் தெரியாது. மண்ணில் செய்தால், சுவருக்கு அடியில் கல் ஏன் வேண்டும், கூரை ஏன் வெளியே நீள வேண்டும் என்பதை ஜூன் மாத மழையே சொல்லிக் கொடுக்கும். கற்பனை வளர்கிறதே என்பது அடுத்த வாதம். வளர்கிறது, அப்பாவுக்கு. இந்த நகரத்தில் கல்லுக்கும் மண்ணுக்கும் எங்கே போவது என்று கேட்பவர்கள் குனிந்து பார்த்தால் போதும். புனே உட்கார்ந்திருப்பதே எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல்லின் மேல். வாடா எனப்படும் பழைய மாளிகைகளில் அந்தக் கல்தான் அடித்தளம். மேலே செங்கல், மரத்தூண், நடுவே காற்று இறங்குவதற்குத் திறந்த முற்றம். பேஷ்வா கட்டிய விஷ்ராம்பாக் வாடாவில் 1821இல் சமஸ்கிருதக் கல்லூரியே தொடங்கினார்கள். மாணவர்கள் மின்விசிறி கேட்டதாகத் தகவல் இல்லை. அது பழங்கதை என்பவர்கள் புனேக்கு அருகே முள்ஷிப் பக்கம் போகலாம். 1997இல் திறந்த மகிந்திரா யுனைடெட் வேர்ல்ட் காலேஜைக் கிறிஸ்டோபர் பென்னிங்கர் அதே கருங்கல்லில்தான் வடிவமைத்தார். சீருடை அழுக்காகும் என்ற ஆட்சேபணைக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. ஆகத்தான் செய்யும்.

கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதாக இருந்தேன். தெர்மாகோல் இடத்தை அடைத்துக்கொண்டது. அதைப் பிள்ளைகளே சொல்லட்டும். தலைமையாசிரியர்களே, தோட்டத்து மூலையில் நாலு மூங்கிலும் ஒரு கூடை மண்ணும் கொடுங்கள். ஒழுகினால் ஒழுகட்டும், சாய்ந்தால் மறுபடி கட்டட்டும். மதிப்பெண் போடாதீர்கள். அப்பாக்களை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்திவையுங்கள்.