பிணையாள் மண்டி

பட்டறையிலிருந்து அள்ளிய சின்ன வெங்காயத்தைத் தரம் பிரிக்காமல் பூலாம்பாடிப் பக்கத்தில் யாரும் மண்டிக்கு ஏற்றுவதில்லை. பெரிசு தனி, நடுத்தரம் தனி, பொடி தனி. பொடிக்கு வியாபாரி வைத்ததுதான் விலை. கட்டாதென்றால் திரும்ப ஏற்றிக்கொண்டு போகச் சொல்வான். இந்திய அரசாங்கமும் இதே தொழில்தான் செய்கிறது. அங்கே தரம் பிரிக்கிற சரக்கு மட்டும் வேறு: குடிமக்கள்.

பிடிபட்ட நம் ஆளை மீட்கச் சிறையிலிருக்கும் அவர்கள் ஆளை விடலாமா என்ற கேள்வி வரும்போதெல்லாம் டெல்லி முதலில் மைக்கைப் பிடிக்கும். தீவிரவாதிகளோடு பேரமே கிடையாது என்று முழங்கும். அப்புறம் மைக்கை அணைத்துவிட்டு, பிடிபட்டது யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கும். விலை அதற்கப்புறம்தான் வரும்.

பெரிசு எப்படிப் போனது என்று பாருங்கள். 1989 டிசம்பர் 8 அன்று ஸ்ரீநகரில் ரூபையா சயீத் கடத்தப்பட்டார். அவருடைய அப்பா முஃப்தி முகமது சயீத் நாட்டின் உள்துறை மந்திரியாகிச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஐந்தே நாளில் ஐந்து பேருக்குச் சிறைக்கதவு திறந்தது, பெண் வீடு வந்து சேர்ந்தார். மாநில முதல்வர் ஃபரூக் அப்துல்லா வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். யார் காதில் விழுந்தது? அந்தப் பெண் உயிரோடு வந்ததில் மனிதனாகப் பிறந்த யாருக்கும் வருத்தமிருக்க முடியாது. என் வயிற்றெரிச்சல் அந்த வேகத்தின் மேல்தான். நம்மூர்ப் பெரியவர் ஒருவருக்கு முதியோர் உதவித்தொகை எத்தனை நடைக்கு அப்புறம் வருகிறது என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

பத்து வருஷம் கழித்து நடுத்தரம் வந்தது. 1999 டிசம்பர் 24, காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 கடத்தப்பட்டது. எண்ணெய் போட அமிர்தசரஸில் இறங்கி முக்கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நின்றது. நம் மண், நம் ஓடுதளம், நம் போலீஸ். குறுக்கே ஒரு லாரியைக் கொண்டுபோய் நிறுத்த இந்த வல்லரசால் முடியவில்லை. அதிகாரிகள் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோதே விமானம் லாகூருக்குப் பறந்துவிட்டது. அங்கிருந்து துபாய், கடைசியில் கந்தகார். தேனிலவு முடிந்து திரும்பிக்கொண்டிருந்த ரூபின் கட்யால் கொல்லப்பட்டார். சொந்தக்காரர்கள் டெல்லித் தெருவில் நின்று கதறினார்கள். டிசம்பர் 31 அன்று மசூத் அசார் உள்ளிட்ட மூன்று பேரை விட்டார்கள். வெளியுறவு மந்திரி ஜஸ்வந்த் சிங் அவர்களோடு ஒரே விமானத்தில் கந்தகார் வரைக்கும் போனார். மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட நம்மூரில் பெரிய மனுஷர்கள் இவ்வளவு தூரம் போவதில்லை.

அந்தப் பயணிகளைச் சாகவிட்டிருக்க வேண்டும் என்று டீக்கடையில் பெஞ்சு தேய்க்கிறவன் வீரம் பேசலாம். அவன் பெண்டாட்டியும் பிள்ளையும் அதில் இல்லை. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடன் எழுதப்பட்டது யார் பேரில்? வெளியே போன மசூத் அசார் சில வாரத்திலேயே ஜெய்ஷ்-இ-முகமது இயக்கத்தைத் தொடங்கினான். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் 40 பேர் சிதறிப்போனார்கள்; பொறுப்பேற்றது ஜெய்ஷ். அந்த நாற்பதில் ஒருவர் சிவச்சந்திரன், அரியலூர் மாவட்டம் கார்குடிக்காரர். கந்தகார் பேரத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் டெல்லியில் இருந்தார்கள், பில் கார்குடிக்கு வந்தது. அமிர்தசரஸில் தூங்கியது யார், அந்த மூவரைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டு இன்றுவரை ஒரு அதிகாரியின் ஒரு மாதச் சம்பளமாவது பிடிக்கப்பட்டதா? சிவச்சந்திரனுக்கு மாலை போட வந்த கார்களின் வரிசைக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

தெற்கே நடந்த வியாபாரம் இதைவிட ருசியானது. 2000 ஜூலை 30 இரவு, தாளவாடிப் பக்கம் தொட்டகாஜனூர்ப் பண்ணை வீட்டிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கூட்டிக்கொண்டு போனான். காட்டிலிருந்து கேசட் வந்தது. காவிரித் தண்ணீர், பெங்களூரில் மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை என்று நீண்ட பட்டியல். சட்டசபையில் பேச வேண்டியதையெல்லாம் சந்தனக் கடத்தல்காரன் பேசினான். சட்டசபைகள் அவன் கேசட்டுக்குக் காத்திருந்தன. தமிழக முதல்வர் கருணாநிதியும் கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணாவும் தூதர்களை அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

பட்டியலில் ஆட்களும் இருந்தார்கள். தமிழகச் சிறைகளில் இருந்த ஐந்து தமிழ்த் தீவிரவாதிகள், மைசூர்ச் சிறையில் தடா என்ற தீவிரவாதத் தடுப்புச் சட்டத்தில் அடைபட்ட கைதிகள் 51 பேர். ஐவர் சேர்ந்திருந்த அரசியல், நம் பொன்பரப்பித் தமிழரசனிடமிருந்து கிளைத்தது. பச்சைமலையில் பிறக்கும் மருதையாற்றின் மேல் 1987 மார்ச்சில் ரயில் பாலத்துக்குக் குண்டு வைத்து 20-க்கும் மேற்பட்டோரைக் கொன்றதாகப் பெயர் வாங்கியது தமிழரசனின் இயக்கம். அந்த ரயிலில் செத்தவர்களின் வீட்டுக்கு, இந்த அரசியல்காரர்களை விடட்டுமா என்று கேட்டு ஒரு தபால் அட்டை போயிருக்குமா?

மைசூர்க் கைதிகளின் கதைதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. அவர்களில் பெரும்பாலோர் காட்டோரத்துக் கூலிச் சனம். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தான், வழி காட்டினான் என்று பிடித்துக்கொண்டு போய் வருஷக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். ராஜ்குமார் போன ஒரே மாதத்தில், அவர்கள் மேல் தடாவே தேவையில்லை என்று கர்நாடக அரசுக்கு ஞானம் பிறந்தது. மகாஜனங்களே, யோசித்துப் பாருங்கள். குற்றவாளி என்றால் ஏன் விடுகிறாய்? நிரபராதி என்றால் ஒரு சினிமா நடிகர் காணாமல் போகும் வரை ஏன் விடவில்லை?

அப்துல் கரீம் என்ற தகப்பன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அவர் மகன் சப்-இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமதுவை 1992-இல் வீரப்பன் கும்பல் கொன்றிருந்தது. என் மகனின் ரத்தத்தை வைத்துப் பேரம் பேச நீ யார் என்பதே மனுவின் சாரம். 2000 நவம்பர் 7 அன்று நீதிமன்றம் விடுதலைக்குத் தடை போட்டது. அந்தத் தகப்பன் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். உள்ளே கிடந்த கூலிக்காரன் வெளியே வர ஏங்கியதும் நியாயம். இரண்டு நியாயத்தையும் மோதவிட்டுவிட்டு அரசாங்கம் ஓரமாக நின்று பீடி பற்றவைத்துக்கொண்டது. 108 நாளில் ராஜ்குமார் வந்துவிட்டார். மறு வருஷம் தடா நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். போன வருஷங்களுக்கு எந்தக் கேசட்டிலும் கோரிக்கை இல்லை.

வெளிநாட்டிலும் இதே பேரம் உண்டு. ஹமாஸிடம் பிடிபட்ட கிலாத் ஷாலித் என்ற ஒரே ஒரு சிப்பாய்க்காக 2011-இல் இஸ்ரேல் 1,027 கைதிகளை விட்டது. அதில் வெளியே வந்தவன்தான் யாஹ்யா சின்வார். 2023 அக்டோபரில் ஹமாஸ் இஸ்ரேலுக்குள் புகுந்து தாக்கியபோது அதன் விலை தெரிந்தது. அதற்கு அப்புறம் காசா கொடுத்த விலைக்குக் கணக்கே கிடையாது. அந்த நாட்டை மெச்ச எனக்கு வாயில்லை. ஆனால் மந்திரிசபையில் 26-க்கு 3 என்று ஓட்டெடுத்தார்கள். யார் யாரை விடுகிறோம் என்று பெயரை முன்கூட்டியே வெளியிட்டார்கள். பறிகொடுத்த குடும்பங்கள் கோர்ட்டுக்குப் போய் எதிர்க்க முடிந்தது. இங்கே என்ன விலை, யாருக்குப் பதிலாக யார் என்பதை மறுநாள் பேப்பரில்தான் பார்க்கிறோம்.

கடைசியாகப் பொடி. 1971 போரில் சரணடைந்த பாகிஸ்தான் தரப்பினர் சுமார் 93,000 பேரை இந்தியா சோறு போட்டு வைத்திருந்து, சிம்லாவில் கைகுலுக்கிய பிறகு திருப்பி அனுப்பியது. நம் வீரர்களில் 54 பேர் பாகிஸ்தான் சிறைகளில் இருக்கலாம் என்று பிற்பாடு நம் அரசே சொன்னது. அவர்கள் இல்லவே இல்லை என்றது பாகிஸ்தான். 93,000 பேர் கையில் இருந்தபோது எண்ணிப் பார்த்து வாங்கத் தெரியாதவர்கள், 2007-இல் உறவினர்கள் சிலரை அந்தச் சிறைகளைச் சுற்றிப் பார்த்து வர அனுப்பினார்கள். போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

ஆகவே பூலாம்பாடிப் பெற்றோருக்கு ஒரு தகவல். பட்டாளத்துக்கு அனுப்பிய உங்கள் பையன் எல்லையில் பிடிபட்டால் பதற வேண்டாம். மந்திரி சம்பந்தியாக இருந்தால் ஐந்து நாளில் வேலை முடியும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க் கூட்டத்தில் மனு வாங்குகிறார்கள்; டோக்கன் போட்டு வரிசையில் உட்காருங்கள். மனுவுக்கு ரசீது தருவார்கள். அடுத்த நடிகர் கடத்தப்படும் வரை அதைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.