அத்திப்பள்ளி தாண்டினால் பெயர் மாறும்

ஓசூர் சிப்காட்டில் சர்வர்காரர் என்றொரு ரகம் உண்டு. லேலண்டுக்கும் டிவிஎஸ்ஸுக்கும் உதிரிபாகம் செய்யும் சிறு கம்பெனிகளில், லேத் இரைச்சலுக்கு நடுவே ஒரு கண்ணாடி அறை இருக்கும். ஆலையே வேர்த்து வழிந்தாலும் அங்கே மட்டும் ஏசி. அது சர்வருக்காகப் போட்டது; சர்வர் பெயரைச் சொல்லிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பவர்தான் நம்மாள். டீக்கடையில் தெலுங்கு, பெங்களூரு வெண்டரிடம் கன்னடம், வீட்டில் தமிழ், மேனேஜரிடம் ஆங்கிலம் பேசுவார். கோபம் வந்தால் நான்கும் ஒன்றாக வரும்.

சம்பள நாளில் எல்லோரும் ஒரே நேரத்தில் பே ஸ்லிப் பார்க்க நுழைந்து சர்வர் படுத்துவிடவே, இரண்டாவதாக ஒன்று வாங்கி, இரண்டுக்கும் முன்னால் என்ஜின்எக்ஸை நிறுத்தினார். வருகிற கோரிக்கைகளை மாற்றி மாற்றி இரண்டுக்கும் அனுப்புவது அதன் வேலை. முதலாளி புருவம் உயர்த்தினார்:

"எஞ்சின் எக்ஸா? அது எந்த வண்டிக்குப்பா?"

"இலவச சாஃப்ட்வேர் சார்."

"இலவசமா? அப்ப ரெண்டாப் போடு."

மறுநாள் காலையில் எல்லாத் திரையிலும் 400 பேட் ரிக்வெஸ்ட். சர்வர்காரர் முதலில் ஃபயர்வாலைத் திட்டினார். பிறகு நெட்காரனை, வெண்டரை, கரண்ட்டை, கடைசியில் மழையை. மழை பெய்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் புத்தி வேலை செய்தது. என்ஜின்எக்ஸைத் தாண்டி, சரியான பெயரைக் கொடுத்து கர்ல் மூலம் நேராகப் பின்னாலிருந்த சர்வரையே கேட்டார். அது சமர்த்தாகப் பதில் சொன்னது. ஆக, கோளாறு நடுவில்.

எந்தத் தளத்தைத் தேடி வந்தோம் என்று ஹோஸ்ட் ஹெடரில் பிரவுசர் சொல்லியாக வேண்டும்; 1997-ல் வந்த ஹெச்டிடிபி 1.1-இன் கட்டளை அது. ஒரே ஐபி முகவரியில் பல தளங்கள் இருக்கும்போது எது வேண்டும் என்பது அந்தப் பெயரை வைத்துத்தான் தெரியும். ஆனால் என்ஜின்எக்ஸ், நாம் தனியாகச் சொல்லாவிட்டால், வந்த பெயரைக் கழற்றிவிட்டு, தன் செட்டிங்கில் புராக்ஸி பாஸ் வரியில் உள்ள பெயரை மாட்டி அனுப்பிவிடும். அங்கே இவர் வைத்திருந்த பெயர் 'பேரோல் அண்டர்ஸ்கோர் சர்வர்ஸ்'. அண்டர்ஸ்கோர் போட்ட பெயரெல்லாம் ஒரு பெயரா என்று பின்னால் சர்வரில் ஓடும் டாம்கேட் முகத்தில் அடித்தாற்போல் 400 சொல்லியிருக்கிறது. 'புராக்ஸி செட் ஹெடர் ஹோஸ்ட்' என்று ஒரு வரி சேர்த்ததும் எல்லோருக்கும் பே ஸ்லிப் வந்தது. அதில் இருந்த தொகையைப் பார்த்து வந்த புகார்கள் இவர் இலாகா இல்லை.

அன்றிலிருந்து டிரெயினிப் பையன்களுக்கு உபதேசம்தான். "வந்தவன் சொன்ன பேரை நடுவுல இருக்கறவன் மாத்தலாமாடா? அப்பாச்சியும் இப்படித்தான் மாத்தும், ப்ரிசர்வ் ஹோஸ்ட் ஆன் பண்ணணும். ஹெச்ஏபிராக்ஸி ஒண்ணுதான் யோக்கியன், சொன்னதை அப்படியே சொல்லும்."

இத்தனை பேசுகிறவர் தன்னைப் பற்றிச் சொல்வது வேறு கதை. குடியிருப்பது பாகலூர் ரோட்டில். அத்திப்பள்ளி டோலைத் தாண்டி பெங்களூர்ப் பக்கம் போவது வண்டிக்கு சர்வீஸ் விட மட்டும். ஆனால் கிருஷ்ணகிரிச் சொந்தக்காரர்களிடம் "பெங்களூர்ல இருக்கேன்" என்பார். கல்யாணப் பேச்சு எடுத்ததும் ஜாதகத்தோடு மாமா கொண்டுபோன குறிப்பில் அது "எலக்ட்ரானிக் சிட்டி" ஆகிவிட்டது.

காவேரிப்பட்டணத்துப் பெண் வீட்டார் விவரமானவர்கள். நேராக எலக்ட்ரானிக் சிட்டிக்கே போய் விசாரித்தார்கள். "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று பதில் வர, வரன் அங்கேயே முறிந்தது.

சர்வர்காரர் வீட்டில் குதித்தார். "எல்லாம் மாமா வேலை! நடுவுல இருக்கறவரு ஊர்ப் பேரை மாத்திட்டாரு!"

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அவர் என்னடா பண்ணுவாரு? நீ சொன்னதை ஒரு எழுத்து மாத்தாம அப்படியே சொல்லியிருக்காரு."