மாப்ளே, அது காசா குத்துவிளக்கா?

வாய்யா மாப்ளே, வா. சிலோன் ரோட்டுல செண்பக விநாயகர் கோயிலத் தாண்டி நீ வர்றப்பவே மாடியிலேர்ந்து பாத்துட்டேன். காத்தோங்ல பாதிய வாங்கிட்டு மீதிக்கு வெல கேக்க வர்ற நடை! உன் தாத்தா, அதான் எங்கப்பா, மைலோ டப்பாவுல போட்டு வச்சுட்டுப் போன வெள்ளிக்காசுதானே? எடு, பாப்போம். ராசா மூஞ்சில வெரல வைக்காதே, விளிம்பப் பிடி.

ஏழாம் எட்வர்டு. பின்னால சீன எழுத்து, ஜாவி எழுத்து. 1904. பம்பாய் நாணயச்சாலையில அடிச்சுக் கப்பல்ல வந்த சரக்கு. அதெல்லாம் சரி, ஏன் இப்படிக் கண்ணக் கூசுது? விபூதி போட்டுத் தேச்சியா? அதுக்கு முன்னாடி புளியுமா! அடேங்கப்பா, கார்த்திகைக்குக் குத்துவிளக்கு தொலக்குற மாதிரி தொலக்கியிருக்கே. நூறு வருசமா மெல்ல மெல்ல ஏறின கருநீலப் படலத்ததான்யா சேகரிக்கிறவன் ஆசையாத் தேடுவான். நீ அத சிங்க்ல கழுவி ஊத்திட்டே. லென்ச வச்சுப் பாரு, பொடிக் கீறல் அத்தனையும் ஒரே பக்கமா ஓடும்.

1949ல ஷெல்டன்னு ஒரு அமெரிக்கக்காரர், அவுங்க ஊருச் செப்புக்காசுக்குன்னு ஒரு மார்க்குக் கணக்குப் போட்டாரு. நூத்துக்கு இல்ல, எழுபதுக்கு. அதத்தான் இப்ப உலகம் பூரா எல்லாக் காசுக்கும் போடுறான். 60க்கு மேல வாங்கினா, கைமாறாம புதுசாவே இருந்த காசுன்னு அர்த்தம். கிரீடம், புருவம், தாடின்னு மேடான எடம்தான் மொதல்ல தேயும், அங்கதான் மார்க்கு கொறையும். தேச்சுக் கழுவினதுக்கு மார்க்கே கெடையாது. “கழுவப்பட்டது”ன்னு சீட்டு எழுதி, பிளாஸ்டிக் பொட்டியில போட்டு அனுப்பிடுவான். அதுக்கும் கட்டணம் நீதான் கட்டணும்.

என்ன, வீடியோவுல கோடி ரூவான்னு சொன்னானா? சொல்லுவான். காசு வாங்கிக்கிறோம், மொதல்ல கமிஷனக் கட்டு, வரியக் கட்டுன்னு சொல்ற கூட்டத்தப் பத்தி இந்திய ரிசர்வ் வங்கியே 2021ல எச்சரிச்சிருக்கு, எங்க பேரச் சொல்லி ஏமாத்துறாங்கன்னு. நம்மூருல அரிசிய இழுக்குற செம்புன்னு சொல்லி வயக்காட்ட வித்தவனுங்க கதை உனக்குத் தெரியாது. நீ பொறந்ததே இங்க கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில.

பழசுன்னா வெல ஏறிடுமா? ராசராசன் செப்புக்காசுக்கு ஆயிரம் வயசு. சில நூறு ரூவாய்க்கே கெடைக்குது. ஏன்? அவ்வளவு அடிச்சு விட்டுருக்காரு மனுசன். உன் 1904உம் அதே சாதிதான், அந்த ஒரு வருசத்துல மட்டும் 2 கோடிக்கு மேல. அப்புறம் என்னாச்சு, வெள்ளி வெல ஏறுச்சு. காசு மேல எழுதின மதிப்ப விட உள்ள இருக்குற வெள்ளி ஒசத்தியாயிடும், நம்மாளு சும்மா இருப்பானா, உருக்கிடுவான்ல? அதனால வெள்ளக்காரனே முந்திக்கிட்டுப் பழசத் திரும்ப வாங்கி, 1907லேர்ந்து 20 கிராம்ல சின்னதா அடிச்சான். 1919ல இன்னும் மோசம், பாதிதான் வெள்ளி. இதுல 1909தான் வெவரமான காசு. கொஞ்சந்தான் அடிச்சது.

இரு, இரு. அதுக்குள்ள வெல பேசாதே. உன்னுது மொதல்ல வெள்ளிதானான்னு பாப்போம். எங்கப்பா ஞாயித்துக்கெழமையானா சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையிலதான் கெடப்பாரு, 2017ல அத மூடுற வரைக்கும். அங்க நல்லதும் வரும், நேத்து வார்த்த எட்வர்டும் வரும். காந்தம் ஒட்டினா தூக்கிப் போடு. ஒட்டலியா, எட போடு, 26.95 கிராம் இருக்கணும். எடையும் சரியா? கிண்ணத்துல தண்ணி ஊத்தித் தராசுல வச்சு, முள்ள பூச்சியத்துக்குக் கொண்டா. காச நூல்ல கட்டி, அடியில இடிக்காம தண்ணிக்குள்ள தொங்க விடு. நெசமான வெள்ளின்னா 2.6 கிராம் காட்டும். செம்பும் நிக்கலும் கலந்த போலி 3ஐத் தொடும். எஞ்சினியருக்குப் படிச்சவனுக்கு நான் சொல்லித் தரணும், பாத்துக்க.

சிராங்கூன் ரோட்டு நகைக்கடைக்குத் தூக்கிட்டு ஓடாதே. அவன் 24 கிராம் வெள்ளின்னு கணக்குப் பண்ணிக் கொடுப்பான், அவனுக்கு எட்வர்டும் கொலுசும் ஒண்ணு. காசு விக்கிறவன் ரெண்டு மூணு பேருகிட்ட காட்டு. எவன் “அய்யய்யோ, ஒண்ணும் தேறாது”ன்னு சொல்லிட்டுக் கையிலேர்ந்து காச விடமாட்டேங்கிறானோ, அவன்கிட்ட கொஞ்சம் நின்னு பேசு.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியுமா? டப்பாவ உங்கம்மாகிட்ட கொடுக்குறதுக்கு முன்னாடி நான் ஒருதடவ தொறந்து பாத்தேன்யா. பெரியவன் இல்லியா, எனக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன். என்ன வருசமா? கோப்பி ஆறுது, குடி.